பொன்மொழிகளைத் தேடிச் சேர்த்து, சரிபார்த்து, கையாள்வது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழில் பொன்மொழி என்று பகிரப்படும் வரிகளில் பல, தனி வாக்கியமாக எழுதப்பட்டவை அல்ல. பாட்டின் நடுவிலிருந்தும், கடிதத்திலிருந்தும், யாரோ ஒருவர் வேறொருவருக்குக் கொடுத்த மறுமொழியிலிருந்தும் அவை பிரித்தெடுக்கப்பட்டவை. அப்படிப் பிரித்தெடுத்தபோது சொன்னவர் பெயர் மாறியிருக்கலாம், சொல் மாறியிருக்கலாம், சில வேளைகளில் பொருளே தலைகீழாகியிருக்கலாம். வாழ்க்கை, காதல், இயற்கை, உழைப்பு, படைப்பு ஆகியவற்றைப் பற்றிய நல்ல வரிகளைச் சேர்த்துவைத்துப் பேச்சிலும் எழுத்திலும் அழைப்பிதழிலும் பயன்படுத்த விரும்புவோர், அவ்வரிகளை நம்பத் தகுந்த நிலையில் வைத்திருப்பதற்கான முறை ஒன்றை இங்கே படிப்படியாகத் தருகிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் தமிழ் இலக்கியத்திலிருந்து வருகின்றன. அயல்மொழி மேற்கோள்களுக்குத் தனியே ஒரு படி உண்டு.

முதற்படி: கேட்டவுடன் குறித்தல்

குறிப்பேடாயினும் கைப்பேசியாயினும் ஒவ்வொரு வரிக்கும் ஒரு தனிச் சீட்டு வேண்டும். அதில் முதலில் எழுத வேண்டியது வரியும், அதை எங்கே கேட்டோம் அல்லது படித்தோம் என்பதும்தான். பட்டிமன்றத்தில் கேட்டது, சுவரில் கண்டது, வாட்ஸ்அப்பில் வந்தது என்று உள்ளபடியே எழுதிக்கொள்ளலாம். அதன் கீழே மூலநூல், பாட்டு எண், பாடியவர், யார் யாரிடம் சொல்வதாக அமைந்தது, முன்னும் பின்னும் உள்ள வரிகள் ஆகியவற்றுக்கு இடம் விட்டு வைக்க வேண்டும். இந்த இடங்கள் நிரம்பும் வரை அந்த வரி நம் தொகுப்பில் விருந்தாளிதான். வீட்டு ஆள் ஆகவில்லை. கேட்ட வடிவம் பிழையானது என்று பின்னர் தெரிந்தாலும் அதை அழித்துவிடாமல் அருகிலேயே வைத்திருப்பது நல்லது. அதே பிழையோடு மறுபடியும் அந்த வரி நம்மிடம் வரும்போது உடனே அடையாளம் காண அது உதவும்.

இரண்டாம் படி: மூலத்தைக் கண்டுபிடித்தல்

பழந்தமிழ் நூல்களில் பெரும்பாலானவை இன்று எழுத்து வடிவிலேயே தேடக் கிடைக்கின்றன. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் ஆகிய இரண்டையும் முதலில் பார்க்கலாம். ஈழத்து எழுத்துகளுக்கு 'நூலகம்' என்ற பெயரிலேயே ஒரு வலைத்தளம் இருக்கிறது. பழைய அச்சுப் பதிப்புகளையே பார்க்க வேண்டுமென்றால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் கன்னிமாரா நூலகமும் உள்ளன. அச்சுப் பதிப்புகளின் பின்னால் இருக்கும் பாட்டு முதற்குறிப்பு அகராதியை இன்று பலர் புரட்டுவதே இல்லை. பாட்டின் முதற்சொல் தெரிந்திருந்தால், இணையத்தில் அலைவதைவிட அது விரைவாகவே விடை சொல்லிவிடும்.

இணையத்தில் தேடும்போது தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. செய்யுள்கள் சொல்லாக அன்றி, ஓசை அலகான சீர்களாகப் பிரித்து அச்சாகியிருக்கும். நாம் தட்டச்சு செய்வதோ சொல் பிரித்து அல்லது சேர்த்து. "தெய்வத்தால் ஆகாதெனினும்" என்று தேடினால் சீர் பிரித்த பதிப்பில் எதுவும் கிடைக்காமல் போகலாம், ஏனெனில் அங்கே வரி "தெய்வத்தான் ஆகா தெனினும் முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்" (குறள் 619) என்றிருக்கும். ஆகவே முழுவரியைத் தட்டாமல், அடுத்த சொல்லோடு சேரும்போது (புணர்ச்சியில்) உருமாறாத ஒரு சொல்லை மட்டும், அல்லது ஒரு சொல்லின் நடுப்பகுதியை மட்டும் கொடுத்துத் தேட வேண்டும். இந்தக் குறளுக்கு "மெய்வருத்த" என்பது போதும். கிடைக்காவிட்டால் ஒற்றெழுத்தை நீக்கியும், சொல்லிறுதியில் குறுகி ஒலிக்கும் உகரமான குற்றியலுகரத்தை விட்டும் மறுபடி முயலலாம்.

திருக்குறள் என்ற பெயரில் வரும் வரிகளுக்கு இன்னும் எளிய சோதனை ஒன்று உண்டு. குறள் வெண்பாவின் முதலடியில் 4 சீரும் இரண்டாமடியில் 3 சீரும் இருக்கும். ஏழு சீர் வராத எதுவும், வள்ளுவர் படத்தோடு வந்தாலும், முழுக் குறளாக இருக்க முடியாது. ஒரு பகுதியாகவோ உரையாகவோ இருக்கலாம், அல்லது வேறொருவர் எழுதியதாக இருக்கலாம். 1330 குறள்களும் எண்ணோடு கிடைப்பதால் எண் இல்லாமல் குறளை மேற்கோள் காட்டுவதற்குச் சாக்கே கிடையாது.

மூன்றாம் படி: சொன்னவர் யார் என்று உறுதிசெய்தல்

தமிழில் ஆசிரியர் பெயர் தவறுவதற்குப் பெரிய காரணம், புகழ்பெற்ற பெயர் சிறிய பெயரை விழுங்கிவிடுவதுதான். நீதிவரி என்றால் ஔவையார் என்று முடிவு செய்துவிடுகிறோம். "பிச்சை புகினும் கற்கை நன்றே", "எழுத்தறி வித்தவன் இறைவ னாகும்" ஆகிய இரண்டும் தென்காசிப் பாண்டியரான அதிவீரராமர் பாடிய வெற்றிவேற்கையில் உள்ளவை. ஆனால் இவை ஔவையார் வாக்கு என்றே பலர் வாயில் வழங்குகின்றன. "திரைகடல் ஓடியும் திரவியம் தேடு" என்பது உண்மையிலேயே ஔவையாருடையது, கொன்றைவேந்தனில் வருகிறது. அந்த ஔவையாரும் அதியமானின் நண்பராக விளங்கிய சங்கப் புலவரும் வேறு வேறு காலத்தவர் என்பதையும் சீட்டில் குறித்துவைக்க வேண்டும்.

"ஒன்றே குலமும் ஒருவனே தேவனும்" என்ற திருமூலர் வரி (திருமந்திரம் 2104) அறிஞர் அண்ணா வழியாகவே கடந்த நூற்றாண்டில் தமிழ்நாடெங்கும் பரவியது. அதனால் அவர் பெயரிலேயே அதை மேற்கோள் காட்டுவோரும் உண்டு. விவேகானந்தர் பெயரோடு வழங்கும் "எழுமின், விழிமின்" என்ற அழைப்பு கடோபநிடதத்திலிருந்து அவர் எடுத்தாண்டது. இவ்வாறு ஒருவர் சொன்னதை இன்னொருவர் பரப்பிய இடங்களில் இருவர் பெயரையும் குறிப்பதே நேர்மை. பரப்பியவரின் பங்கைச் சிறிதாக்க வேண்டியதில்லை. எத்தனையோ நல்ல வரிகள் பரப்ப ஆளில்லாமல் ஏட்டிலேயே கிடந்திருக்கின்றன.

நான்காம் படி: முன்னும் பின்னும் படித்தல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்ற முடியும் என்று யாராவது சொன்னால், இதைப் பின்பற்றுங்கள் என்பேன். மூலம் கிடைத்ததும் வரியைச் சரிபார்த்துவிட்டு மூடிவிடாமல், பாட்டு முழுவதையும் படித்து, அதைச் சொல்வது யார், கேட்பது யார் என்று பார்க்க வேண்டும்.

பாரதியாரின் பெயரில் மிகத் தவறாக ஆளப்படும் வரி "மெல்லத் தமிழினிச் சாகும்" என்பது. மேடையில் இதைப் பாரதியின் கவலையாக, சிலர் தீர்க்கதரிசனமாகவே கூடச் சொல்கிறார்கள். பாட்டில் பேசுபவள் தமிழ்த்தாய். மேற்கு மொழிகள் ஓங்கும், தமிழ் மெல்லச் சாகும் என்று ஒருவன் சொன்னதை எடுத்துச் சொல்லி, "என்றந்தப் பேதை உரைத்தான், ஆ! இந்த வசையெனக் கெய்திட லாமோ?" என்று அவள் கேட்கிறாள். அடுத்து வருவது "சென்றிடுவீ ரெட்டுத் திக்கும், கலைச் செல்வங்கள் யாவுங் கொணர்ந்திங்கு சேர்ப்பீர்" என்ற கட்டளை. பேதை என்று பாரதி யாரைச் சொன்னாரோ அவருடைய கூற்றைப் பாரதியின் தலையிலேயே கட்டிவைத்திருக்கிறோம்.

உழைப்பு பற்றிய வரியாக எடுத்தாளப்படும் "வினையே ஆடவர்க்கு உயிரே" என்பதற்கும் இதே கதிதான். இது பாலை பாடிய பெருங்கடுங்கோவின் குறுந்தொகைப் பாடல் (135). தலைவன் பொருள்தேடிப் பிரிந்து போய்விடுவானோ என்று கலங்கும் தலைவியிடம் தோழி பேசுகிறாள். ஆடவர்க்குத் தொழில் உயிர், மனையுறை மகளிர்க்கு ஆடவர் உயிர் என்று நமக்குச் சொன்னவரே அவர்தானே. ஆகவே அழாதே தோழி, அவர் பயணத்தைக் கைவிடுவார் என்று தேற்றுகிறாள். வேலையைப் போற்றும் வாசகமாக நாம் அட்டையில் அச்சிடும் வரி, வேலைக்காகப் போகமாட்டான் என்று முடியும் பாட்டின் தொடக்கம். மொத்தம் நான்கடி கொண்ட பாட்டை முழுதாகப் படிக்காததால் வந்த வினை இது.

"உண்டி கொடுத்தோர் உயிர்கொடுத் தோரே" என்ற வரி இன்னும் சுவையானது, ஏனெனில் அது இரண்டு இடங்களில் வருகிறது. மணிமேகலையில் அமுதசுரபி கைக்கு வந்த மணிமேகலையிடம், பசியின் கொடுமையைச் சொல்லி, மணிபல்லவத் தீவின் காவல் தெய்வமான தீவதிலகை கூறுவதாக வருவது அன்னதான விழாக்களில் வழங்கும் பொருளுக்கு நேராகப் பொருந்தும். ஆனால் புறநானூற்றின் 18-ஆம் பாட்டில் அதையே குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனிடம் சொல்கிறார். அங்கே உணவு என்பது நிலமும் நீரும் சேர்ந்தது. நிலம் பள்ளமான இடங்களில் நீரைத் தடுத்துத் தேக்கியவர்களே புகழை நிலைநிறுத்தியவர்கள் என்று மன்னனுக்கு நீர்நிலை அமைக்கச் சொல்லும் அறிவுரையாகப் பாட்டு வளர்கிறது. ஏரி தூர்வாரும் பணிக்கு நிதி கேட்டுத் துண்டறிக்கை அடிப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வரி கிடைக்காது. அவர்கள் கண்ணில் ஏனோ இது படுவதில்லை.

போகிப் பண்டிகைக்குப் பழைய பாயைக் கொளுத்தும்போது தவறாமல் வரும் "பழையன கழிதலும் புதியன புகுதலும்" என்பது நன்னூலின் இறுதியில் உள்ள இலக்கண நூற்பா. மொழிவழக்கில் காலத்தால் பழையவை வழக்கொழிவதும் புதியவை வந்து சேர்வதும் குற்றமாகா என்று பவணந்தி முனிவர் சொன்னது. அதைப் போகிக்கு நீட்டிக்கொள்வதில் தவறொன்றும் இல்லை. மூலம் தெரிந்து நீட்டினால், புதிய சொற்களை ஏற்பது பற்றிய ஒரு கட்டுரைக்கும் அதே வரி கைகொடுக்கும்.

எல்லா வரிகளும் இப்படித் திரிந்து போவதில்லை. "யாதும் ஊரே யாவரும் கேளிர்" என்று கணியன் பூங்குன்றனார் தொடங்கிய பாட்டு (புறநானூறு 192) முழுதாகப் படிக்கும்போது இன்னும் பெரிதாகிறது. ஆற்று நீரின் போக்கில் செல்லும் தெப்பம் போல உயிர் முறைவழி செல்கிறது என்பதால் "பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே" என்று அது முடிகிறது. உ.வே. சாமிநாதையர் 1894-இல் அச்சில் கொண்டுவந்த நூலிலிருந்து இந்த ஒரு பாட்டின் முதலடி ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் 2019-இல் பிரதமர் மோடியின் உரை வரை போய்ச் சேர்ந்தது. இறுதி அடிகள் அந்தப் புகழில் பாதிகூடப் பெறவில்லை. என் கணிப்பில் அவையே பாட்டின் சிகரம்.

ஐந்தாம் படி: அயல்மொழி மேற்கோள்களைச் சோதித்தல்

ஆங்கிலம் வழி வரும் வரிகளுக்கு நாள், இடம், ஏடு மூன்றில் ஒன்றாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். "அறிவைவிடக் கற்பனையே முக்கியம்" என்று ஐன்ஸ்டைன் சொன்னதற்குச் சான்று உண்டு. 1929 அக்டோபரில் சாட்டர்டே ஈவினிங் போஸ்ட் இதழில் வெளியான நேர்காணலில் அது வருகிறது. "ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்துவிட்டு வேறு விளைவை எதிர்பார்ப்பது பைத்தியக்காரத்தனம்" என்பதற்கு ஐன்ஸ்டைனிடம் அத்தகைய சான்று எதுவும் இல்லை. "நீங்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை, ஆனால் அதைச் சொல்லும் உங்கள் உரிமைக்காக உயிரையும் கொடுப்பேன்" என்பது வால்டேரின் மனப்பான்மையை விளக்க ஈவ்லின் பியாட்ரிஸ் ஹால் என்ற எழுத்தாளர் 1906-இல் தம் சொற்களில் எழுதியது.

காந்தியடிகளின் பெயரில் உலவும் "உலகில் நீ காண விரும்பும் மாற்றமாக நீயே இரு" என்பது அந்த வடிவில் அவர் எழுத்துகளில் இல்லை. அதற்கு அருகில் இருப்பது 1913-இல் இந்தியன் ஒப்பீனியன் ஏட்டில் அவர் எழுதிய உடல்நலத் தொடரின் ஒரு பகுதி. நம்மை நாம் மாற்றிக்கொள்ள முடிந்தால் உலகின் போக்குகளும் மாறும் என்ற கருத்தை அங்கே அவர் பாம்புக்கடியைப் பற்றி எழுதும்போது சொல்கிறார். அரசியல் மேடைக்காகச் செதுக்கப்பட்டது போல் ஒலிக்கும் வாசகத்தின் வேர் பாம்புக்கடியில் இருக்கும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். சான்று கிடைக்காத வரியைக் கட்டாயம் பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால், "இன்னார் சொன்னதாக வழங்கும்" என்று எழுதலாம். அப்துல் கலாம் பெயரில் நாள்தோறும் வரும் வரிகளில் பலவற்றுக்கு இந்த ஒட்டு தேவைப்படும்.

ஆறாம் படி: பழமொழிகளைத் தனியே வைத்தல்

பழமொழிக்கு ஆசிரியர் இல்லை. எனவே எங்கே, யார் வாயில் கேட்டோம் என்பதே அதன் ஆவணம். அச்சில் சரிபார்க்கப் பெர்சிவல் பாதிரியாரின் தொகுப்பு உதவும். 1874 பதிப்பில் 6000-க்கும் மேற்பட்ட பழமொழிகள் உள்ளன. ஜென்சனின் 1897 தொகுப்பு பொருள்வாரியாக அமைந்தது. சாதியையும் பெண்ணையும் இழித்துரைக்கும் பழமொழிகள் இவற்றில் நிறையவே உண்டு. சமூக வரலாற்றுக்காகக் குறித்துவைக்கலாம், வாழ்த்து மடலுக்கு அவை வேண்டாம்.

ஏழாம் படி: பொருள்வாரியாக அடுக்குதல்

அகரவரிசையில் அடுக்கினால் தேடுவது எளிது. ஆனால் தேவை வரும்போது நாம் முதலெழுத்தை நினைத்துத் தேடுவதில்லை, பொருளை நினைத்தே தேடுகிறோம். ஆகையால் வாழ்க்கை, காதல், இயற்கை, உழைப்பு, படைப்பு என்று ஐந்து பகுதிகள் போதும். ஒரே வரி இரண்டு பகுதிகளில் இருப்பதில் குழப்பம் இல்லை.

வாழ்க்கைக்கு "நெருநல் உளனொருவன் இன்றில்லை என்னும் பெருமை உடைத்துஇவ் வுலகு" (குறள் 336). நிலையாமையை உலகின் பெருமை என்று சொல்லும் கசப்பான எள்ளல் அதில் இருப்பதால் இரங்கல் கூட்டத்தில் யோசித்தே பயன்படுத்த வேண்டும். இயற்கைக்கு வான்சிறப்பு அதிகாரம் முழுவதும், அதோடு "வாடிய பயிரைக் கண்டபோ தெல்லாம் வாடினேன்" என்ற வள்ளலாரின் வரியும். அந்தப் பாட்டு பயிரோடு நிற்காமல், வீடுதோறும் இரந்தும் பசி தீராத ஏழைகளைக் கண்டு பதைத்ததற்குச் செல்கிறது. 1867-இல் வடலூரில் தருமச்சாலை நிறுவியவரின் பாட்டு வேறெங்கே செல்லும்? உழைப்புக்கு ஆள்வினையுடைமையும் (611–620) உழவும் (1031–1040) இருக்கும்போது வேறெதையும் தேடி அலைய வேண்டியதில்லை.

காதல் பகுதியில் "அறிதோறு அறியாமை கண்டற்றால் காமம்" (குறள் 1110) கட்டாயம் இருக்க வேண்டும். இதன் முதற்பாதியைக் கல்வி பற்றிய வாக்காகச் சொல்வோர் உண்டு. கற்கக் கற்க முன்னிருந்த அறியாமை தெரிவதைப் போலவே காதலியோடு சேருந்தோறும் காதல் புதிதாகிறது என்பது வள்ளுவர் சொல்ல வந்தது. கல்வி அங்கே உவமையாக வந்தது. ஆகவே கல்விக்காக இதைப் படைப்பின் கீழும் குறித்துவைத்து, "உவமையாக மட்டும்" என்று சீட்டில் எழுதிவிடலாம்.

படைப்புக்கு இரண்டு எதிர்நிலைகளை அடுத்தடுத்து வைப்பது என் வழக்கம். ஒன்று, பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையைப் போல இராமன் கதையைச் சொல்ல ஆசைப்பட்டேன் என்ற கம்பரின் அவையடக்கம். மற்றொன்று, எட்டயபுரம் மன்னருக்குப் பாரதி எழுதிய சீட்டுக்கவியில் (பாட்டு வடிவக் கடிதத்தில்) வரும் "சுவைபுதிது பொருள்புதிது வளம்புதிது சொற்புதிது சோதிமிக்க நவகவிதை" என்ற பெருமிதம். பொதுவழக்கில் இது "சொல் புதிது, பொருள் புதிது" என்று சுருங்கியும் வரிசை மாறியும் கிடைக்கிறது.

எட்டாம் படி: இடமறிந்து பயன்படுத்தல்

ஒரு பேச்சுக்கோ கட்டுரைக்கோ ஒன்று, மிஞ்சினால் இரண்டு மேற்கோள் போதும். வரியைச் சொல்லும் முன் யார் யாரிடம் சொன்னது என்பதை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டால் கேட்பவர் மனத்தில் அது நன்றாகப் பதியும். வரியைத் திரித்துப் பொருள்கொள்ளும் வாய்ப்பும் குறையும்.

திருமண அழைப்பிதழ்களில் "செம்புலப் பெயல்நீர் போல அன்புடை நெஞ்சம் தாங்கலந் தனவே" (குறுந்தொகை 40) இடம்பெறுவதைக் காண்கிறோம். என் தாயும் உன் தாயும் ஒருவருக்கொருவர் யார், என் தந்தையும் உன் தந்தையும் எம்முறையில் உறவு என்று கேட்டுத் தொடங்கும் பாட்டு அது; குடும்பங்கள் ஒன்றையொன்று அறியாத இருவர் தாமே கலந்ததைப் பேசுகிறது. பெரியோர் பார்த்து நிச்சயித்து, மூன்று தலைமுறைப் பெயர்களையும் அச்சிட்ட அழைப்பிதழின் தலைப்பில் அது நிற்பது ஒரு வேடிக்கை. காதல் திருமணம் செய்வோர் முழுப்பாட்டையும் துணிந்து அச்சிடலாம். மற்றவர்களுக்கு "அன்புடையார் என்பும் உரியர் பிறர்க்கு" (குறள் 72) ஒத்துவரும்.

தற்கால எழுத்தாளர்களின் வரிகளுக்கு உரிமை பற்றியும் பார்க்க வேண்டும். இந்தியாவில் பதிப்புரிமை ஆசிரியர் மறைந்த பின் 60 ஆண்டுகள் நீடிக்கிறது, இலங்கையில் 70 ஆண்டுகள். பாரதியின் படைப்புகள் 1949-இலேயே நாட்டுடைமையாயின. அவற்றை யாரும் அச்சிடலாம். பழைய நூலின் புதிய மொழிபெயர்ப்புக்கும் உரைக்கும் தனி உரிமை உண்டு என்பதால், மூலத்தை எடுத்து விளக்கத்தை நம் சொற்களில் எழுதிக்கொள்வது சிக்கலற்ற வழி.

அச்சுக்கு அனுப்பும் முன் மெய்ப்பை மூலப் பதிப்போடு ஒருமுறை ஒப்பிட வேண்டும். ஒருங்குறியில் தட்டியதைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது ஒற்றும் கொம்பும் இடம் மாறுவது அச்சகங்களில் நடப்பதே. குறளை 4 சீர், 3 சீர் என்று இரண்டு அடிகளாகவே அமைக்கச் சொல்ல வேண்டும். இடம் போதவில்லை என்று மூன்று வரியாக மடித்தால் எழுத்தளவைக் குறைத்தாவது இரண்டுக்குக் கொண்டுவரச் சொல்லலாம். பாடியவர் பெயரும் பாட்டு எண்ணும் வரிக்குக் கீழே வலப்பக்கத்தில், சிறிய எழுத்தில் வரட்டும்.